கழற்றிய கைப்பட்டை

அந்த நகரத்தில் முப்பது நாள் எதையும் வாங்காதவர்களின் மணிக்கட்டில் ஒளிரும் அடையாளக் கைப்பட்டை அணைந்துவிடும். அணைந்தவர்களை மதிலுக்கு வெளியே தள்ளுவார்கள். யாரும் திரும்பியதில்லை.

அங்காடியில் தரை துடைக்கும் வடிவு என்பவளின் பட்டை அணைந்தது. அங்காடியின் இயக்குநர் சபாபதி அவளைக் கூப்பிட்டார்.

"பட்டை இல்லாம நீ ஊர்க்காரின்னு நிரூபி, பாப்போம்."

"எப்படின்னு ஒருதடவை செஞ்சு காட்டுங்க சார்."

"என்னை யாருக்குடி தெரியாது?" சிரித்தபடி பட்டையைக் கழற்றினார்.

"அந்நியர் இருவர்," என்று அங்காடியின் காவல் கதவு அலறியது. அவர் பதறிப்போய் பட்டையை மாட்டினார், அது எரியவில்லை; ஒருமுறை கழற்றிய பட்டை மறுபடி எரியாது. ஓடிவந்த காவலர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டை மட்டும் பார்த்தார்கள். இருவரையும் மதிலை நோக்கி இழுத்தார்கள்.

"நான் இயக்குநர்யா!"

"ஊர்க்காரங்க யாராவது சாட்சி சொன்னா விடுறோம்."

"வடிவு, சொல்லும்மா!"

"சாட்சி சொல்ல நான் ஊர்க்காரியா இருக்கணுமே சார்."

மதில் கதவு திறந்தது.

"ஊர்க்காரிதான்! இங்கேயே பொறந்தவ!" என்று கத்தினார் சபாபதி.