மழவராயரின் மீதி மீசை

நெய்தலூரின் பழைய தளபதி மழவராயருக்கு மூன்று வருஷமாக அரை மீசைதான். இடது பக்கம் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்து நிற்கும். வலது பக்கம் துடைத்துக் கவிழ்த்த சட்டி. தினமும் காலையில் அரண்மனை நாவிதர் வந்து அந்தப் பக்கத்தை மட்டும் மழித்துவிட்டுப் போவார். அரசர் கட்டளை அப்படி. நம்பாதவர்கள் நெய்தலூருக்கே போய் விசாரித்துக்கொள்ளலாம்; என்ன, ஊர் இப்போது கடலுக்கு அடியில் இருக்கிறது.

எல்லாம் சங்குத்தீவால் வந்தது. அந்தத் தீவுக்காரர்கள் நெய்தலூர்க் கப்பல்களை மறித்துக் கொள்ளையடித்தார்கள். "போய் அந்தத் தீவைப் பிடியும்" என்றார் அரசர். மழவராயர் இருபது படகுகளோடு கிளம்பினார். ஜோசியர் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் உச்சிவேளை. படகோட்டிகளின் தலைவன் கரைமேலழகு தலையைச் சொறிந்தான்.

"சாமி, அந்நேரத்துக்குக் கோட்டை முன்னால தண்ணி வத்திப்போகும். வெறும் சேறு. காலையில தண்ணி ஏறும்போது பின்பக்கமாப் போனா, நம்ம வீட்டு வாசல்ல இறங்குற மாதிரி மணல்ல இறங்கலாம்."

"கடலுக்காக முகூர்த்தத்தை மாற்றச் சொல்கிறாயா? படகைத் தள்ளடா!" என்றார் மழவராயர்.

அதோடு விட்டாரா? மழவராயர் வம்சத்தார் முரசு முழங்காமல் போர்க்களத்தில் கால் வைப்பதில்லை. கரை கண்ணுக்குத் தெரியும் முன்பே முரசு அதிரத் தொடங்கிவிட்டது. பகல் தூக்கத்திலிருந்த தீவு எழுந்து, முகம் கழுவி, அடுப்பு மூட்டி, கஞ்சி காய்ச்சி முடிக்கும் வரை முரசு ஓயவில்லை. படகுகள் சேற்றில் உட்கார்ந்தன. இருநூறு வீரர்களும் இடுப்பளவு புதைந்தார்கள். மதில்மேலிருந்து கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி இறங்கியது. ஆளுக்கொரு கோவணத்தோடு, முரசை மட்டும் விடாமல் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். பாதி மீசை அன்றைக்கே போயிற்று.

மூன்று வருஷம் கழித்து இருங்கோளர் என்ற புதுத் தளபதி போனார். கரைமேலழகு சொன்னபடியே காலைத் தண்ணீரில், பின்பக்கமாக, சத்தமில்லாமல் இறங்கினார். ஒரே ஒரு படகில் மட்டும் அந்தப் பழைய முரசை ஏற்றி முன்பக்கம் அனுப்பியிருந்தார். சத்தம் கேட்டதுதான் தாமதம், "மழவராயன் மறுபடி வந்துட்டான்டோய்!" என்று தீவே சிரித்துக்கொண்டு காலைக் கஞ்சிப் பானைகளோடு முன்மதிலுக்கு ஓடியது. கஞ்சி ஆறும்வரை காத்திருந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நெய்தலூர் வீரர்கள் அவர்கள் அடுக்களையில் உட்கார்ந்து, மிச்சக் கஞ்சிக்கு ஊறுகாய் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இருங்கோளர் வென்று திரும்பிய அன்று மழவராயர் நாவிதரைக் கத்தியோடு வாசலிலேயே நிறுத்திவிட்டுச் சபைக்கு ஓடினார். அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். அரை மீசையோடு சம்பந்தி முன்னால் நிற்பதைவிட அந்தச் சேற்றிலேயே போய் நின்றுவிடலாம் என்றிருந்தது அவருக்கு.

"அரசே, இந்த வெற்றிக்குப் பாடம் சொன்னது என் தோல்வி. அங்கே சேறு இருப்பதை இடுப்புவரை இறங்கிக் கண்டுபிடித்தவன் நான். மீதி மீசைக்கு அனுமதி தாரும்."

இருங்கோளர் சிரித்தார். "சேறு இருப்பது நண்டுக்கே தெரியும், மழவராயரே. அதற்கு இருநூறு பேரை முக்கி எடுக்க வேண்டுமா?"

பின்னாலிருந்து கரைமேலழகு மெல்லக் கனைத்தான். "நான் கிளம்பும்போதே சொன்னேன் சாமி."

மழவராயரின் கை தானாக வலது கன்னத்துக்குப் போயிற்று. அரசர் தாடியைத் தடவினார். நீங்களும் தடவிக்கொள்ளுங்கள், தாடி இல்லாதவர்கள் மோவாயைத் தடவினால் போதும். மழவராயர் தோற்றது பின்னால் போனவர்களுக்கு உதவியதா, இல்லையா? மீதி மீசை முளைக்கலாமா, கூடாதா?

விடை: முளைக்கலாம். ஆனால் சேற்றுக்காக அல்ல. சேறு படகு கிளம்பும் முன்பே கரைமேலழகுக்குத் தெரியும். அதற்குத் தோற்க வேண்டியதில்லை, காது கொடுத்திருந்தால் போதும். அந்தத் தோல்வியில் உண்மையாகப் பாடம் படித்தவர்கள் தீவுக்காரர்கள்: முரசு கேட்டால் முன்பக்கம் ஓடு, கஞ்சியைக் கொட்டு. அவர்கள் படித்ததைத்தான் இருங்கோளர் பிடித்துக்கொண்டார். மழவராயர் ஒருமுறை மனப்பூர்வமாக அசடாகியிருக்காவிட்டால், அந்த ஒற்றைப் படகு முரசுக்கு ஒருவரும் ஓடி வந்திருக்கமாட்டார்கள். அரசரும் அப்படியே தீர்த்தார்: மீசை வளரலாம், ஆனால் மழவராயர் அதை முறுக்கக் கூடாது, முறுக்கும் உரிமை கரைமேலழகுக்கு. கல்யாணப் பந்தலில் சம்பந்தி வீட்டார் எதிரே வந்தபோதெல்லாம் அவன்தான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முறுக்கிவிட்டான்.