மேலே பாட்டு, கீழே பந்தி

"ஊருக்கே எங்க பேரு தெரியும் மாஸ்டரம்மா. ஆனா நல்ல துட்டு கெடைக்கிற கச்சேரி ஒண்ணுகூட வரமாட்டேங்குது. ஏன்?"

கேட்டவர் இன்னாசிமுத்து. கம்பத்தில் பொன்னூஞ்சல் இன்னிசைக் குழுவை இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறவர். கீபோர்டு வாசிப்பார். வயது ஐம்பத்தெட்டு.

கேட்கப்பட்டவள் தவமணி. கல்யாணச் சமையல் மாஸ்டர். வயது முப்பத்தாறு. அந்த நேரம் பார்த்து மண்டபத்து அடுப்படியில் ஐந்நூறு பேருக்கு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

பாட்டுக்காரர் போயும் போயும் சமையல்காரியிடமா முறையிடுவார் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தில் நிச்சயம் முடிந்ததும் பெண்வீட்டார் முதலில் ஓடுவது தவமணியிடம்தான். சமையலைப் பேசி முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்பார்கள்.

"பாட்டுக்கு யாரப் புடிக்கலாம் தாயி?"

அவள் ஒரு பேரைச் சொல்வாள். அதோடு சரி. அதற்குமேல் யாரையும் விசாரிக்க மாட்டார்கள்.

அவள் வாயிலிருந்து இதுநாள்வரை பொன்னூஞ்சல் என்ற பேர் வந்ததில்லை.

"என்ன கொற எங்ககிட்ட?" என்றார் இன்னாசிமுத்து. "எல்லாருக்கும் கோட்டு தச்சுக் குடுத்தேன். பொகை விடுற மிஷினு வாங்குனேன். ஸ்பீக்கர் பெட்டி எட்டு வச்சிருக்கேன், எட்டு! ஒவ்வொண்ணும் ஒரு ஆளு ஒசரம்."

"எட்டு எதுக்குண்ணே?"

"நாலு வச்சப்ப யாரும் கவனிக்கல."

"எட்டு வச்சப்ப?"

"அப்பயும் கவனிக்கல. அதான், பன்னண்டாக்கலாமான்னு பாக்குறேன்."

தவமணி ரசத்தைக் கிண்டினாள்.

இன்னாசிமுத்து அண்டா ஓரம் வந்து நின்றார். "வெளாட்டு இல்ல தாயி. ஆவணிக்குள்ள ஒரு பெரிய கச்சேரி வரலேன்னா குழுவக் கலைச்சிர்றதுன்னு பேசி முடிச்சிட்டோம். ஜெசிந்தாவ மதுரைக்காரங்க பாடக் கூப்புடுறாங்க. அக்பரு டிரம்ஸ வித்துட்டு ஆட்டோ ஓட்டப் போறானாம். இருபத்திரண்டு வருசம்! நீங்க ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும். பொன்னூஞ்சல்னு. சொன்னா வாயில இருக்கிற முத்தா உதுந்துரும்?"

தவமணி ஒரு கரண்டி ரசத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அடுப்படியை விட்டு வெளியே நடந்தாள். கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனாள். வாயைக் கொப்பளித்தாள். அங்கேயே நின்று ரசத்தைக் குடித்துப் பார்த்தாள். திரும்பி வந்து ஒரு கைப்பிடி உப்பை அள்ளி அண்டாவில் போட்டாள்.

"அத இங்கேயே குடிச்சுப் பாத்தா என்ன?"

"அடுப்படியில நின்னா நாக்குல பொகைதாண்ணே ஏறும்."

பிறகு கேட்டாள்: "உங்க கச்சேரிய நீங்க எங்க நின்னு கேப்பீங்க?"

"மேடையில. வேற எங்க நிப்பாங்க?"

அவள் அலமாரியிலிருந்து ஒரு ஸ்டீல் ஜக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழம பந்தியில தண்ணி ஊத்த ஒரு ஆளு கொறையுது."

"வெள்ளிக்கிழம எங்களுக்குக் கச்சேரி மாஸ்டரம்மா. இதே மண்டபத்துல."

"தெரியும்ணே. சமையல் நாந்தான்."

*

இன்னாசிமுத்து இரண்டு நாள் பொருமிக்கொண்டே இருந்தார். அம்பத்தெட்டு வயசில் எச்சில் இலைக்கு நடுவில் ஜக்குத் தூக்க வேண்டுமாம்! அதுவும் சொந்தக் கச்சேரி நடக்கும்போதே! கேட்டால் ஊர் சிரிக்காதா?

மூன்றாம் நாள் ஜெசிந்தாவிடம் சொன்னார். அவள் சிரித்தே விட்டாள்.

"போங்கண்ணே. கலையப் போற குழுதான? கழுத கெட்டா குட்டிச்சுவரு. கீபோர்ட கிடார்காரரு பாத்துக்குவாரு."

"நான் இல்லாம நல்லாவா இருக்கும்?"

"நீங்க இருந்தப்ப மட்டும்?" என்றாள் ஜெசிந்தா. பதினோரு வருஷம் கூடப் பாடியவள். அந்த உரிமை அவளுக்கு உண்டு.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வரவேற்பு.

அந்த மண்டபத்தில் மேடை மாடியில், பந்தி கீழே. இன்னாசிமுத்து இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜக்கோடு நின்றார். சட்டைப் பையில் மட்டும் விசிட்டிங் கார்டு முப்பதை மறக்காமல் வைத்திருந்தார். ஆசை யாரை விட்டது?

ஆறரைக்கு முதல் பந்தி உட்கார்ந்தது. ஆறு முப்பத்தைந்துக்கு மாடியில் முதல் பாட்டு தொடங்கியது.

இலைக்குப் பக்கத்தில் வைத்த டம்ளர் எல்லாம் நடுங்கின.

இன்னாசிமுத்து அண்ணாந்து பார்த்தார். பாட்டைக் காணோம். திம் திம் என்று கூரையை யாரோ உலக்கையால் இடிக்கிற மாதிரி இருந்தது. எந்தப் பாட்டு என்று குழுவின் தலைவருக்கே தெரியவில்லை.

"..." என்றார் முதல் இலைக்காரர்.

"என்னங்க?"

"..."

"சத்தமாச் சொல்லுங்க!"

அவர் கையால் ஏதோ காட்டினார். இன்னாசிமுத்து தலையாட்டிவிட்டு ஊற்றினார். பாயசக் கிண்ணத்தில் தண்ணீர் நிரம்பியது. பாவம், அந்த மனிதர் வேண்டாம் என்று கை காட்டியிருக்கிறார்.

சாம்பார் கேட்டவருக்கு மோர் வந்தது. அப்பளம் கேட்டவருக்கு உப்பு வந்தது. ஒரு பெரியவர் பேச்சே வேண்டாம் என்று முடிவுகட்டி, கிடைத்ததை எல்லாம் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொந்தபந்தம் அத்தனையும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது, ஒருத்தரும் ஒருத்தரோடு பேசவில்லை. தலை குனிந்து, பரீட்சை எழுதுகிற மாதிரி சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் எழுந்து தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில் இரண்டு பெண்கள். அக்கா தங்கை என்று முகமே சொன்னது. அக்காவுக்கு அறுபது இருக்கும், வடக்கத்திப் பாணியில் சேலை கட்டியிருந்தாள். தங்கையின் இடது கையை அவள் விடவே இல்லை. வலது கையால் சாப்பிட்டுக்கொண்டு, இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்னாசிமுத்து குனிந்து அவளுடைய டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். காது அவள் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதனால் அவருக்குக் கேட்டது.

"அம்மா கடைசியில என்னயக் கேட்டுச்சாடி?"

தங்கைக்குக் கேட்கவில்லை. "என்னக்கா?"

"அம்மா... கடைசியில..."

திம் திம் திம்.

"கேக்கல! என்ன?"

அக்கா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். இதைக் கத்திக் கேட்க முடியுமா?

"ஒண்ணுமில்ல. சாப்புடு" என்று கையால் காட்டினாள்.

டம்ளர் நிரம்பி வழிந்து இலையெல்லாம் தண்ணீர் ஆனதை இன்னாசிமுத்து கவனிக்கவில்லை. பேசவந்த வாயை அடைத்தது தானேதான் என்று அவருக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. தன்னுடைய எட்டுப் பெட்டி. ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம்.

ஜக்கோடு மாடிக்கு ஓடினார்.

இடுப்பில் துண்டு, கையில் ஜக்கு, மூச்சு வாங்க மேடை ஏறுகிற தலைவரைப் பார்த்து ஜெசிந்தா பாட்டை விட்டுவிட்டாள். அவர் நேராக மிக்ஸர் மேஜைக்குப் போனார். எட்டுப் பெட்டியில் ஆறின் ஒயரைப் பிடுங்கினார். மிச்சம் இரண்டின் சத்தத்தையும் பாதிக்குக் கீழே இறக்கினார்.

டிரம்ஸ் அடிக்கிற அக்பர் பதறிப்போனான். "அண்ணே! யாருக்கும் கேக்காதுண்ணே!"

"பெரிய குச்சியக் கீழ போடு. பிரஷ்ஷ எடுத்து மெல்லத் தட்டு."

"கல்யாண வீட்டுக்காரங்க வைவாங்கண்ணே!"

"என்னய வையட்டும். ஏய் ஜெசிந்தா, உன் வீட்டுல சோறு வடிக்கும்போது எப்படிப் பாடுவ? அப்படிப் பாடு தாயி. சத்தத்த ஏத்துனீங்க, ஜக்காலயே அடிப்பேன்!"

சொல்லிவிட்டு வந்த வேகத்தில் கீழே இறங்கினார்.

*

ஜெசிந்தா ஒரு பழைய தாலாட்டை எடுத்தாள். கத்த வேண்டிய அவசியம் இல்லாததால் பாடினாள். சும்மா சொல்லக்கூடாது, பதினோரு வருஷத்தில் அவள் குரல் இப்படி இருக்கும் என்று இன்னாசிமுத்துவே அன்றைக்குத்தான் அறிந்தார்.

பந்தியில் முதலில் ஒருவர் இருமினார். அந்த இருமல் எல்லாருக்கும் கேட்டது.

"அப்பாடி!" என்றது ஒரு குரல்.

"ரசம் இங்க ஒரு கை!" என்றது இன்னொன்று. ரசமே வந்தது.

"யாரு, கோம்பைப் பெரியப்பாவா? அடடே! உங்க பக்கத்துல உக்காந்துதான் இம்புட்டு நேரம் சாப்புட்டேனா?"

சலசலவென்று பேச்சு கிளம்பியது. எங்கேயோ சிரிப்பு வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே பாட்டு மாடிப்படி வழியாக மெல்ல இறங்கி வந்தது. நாலாவது வரிசையில் ஒருத்தர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கூடப் பாடினார்.

இன்னாசிமுத்து மூன்றாவது வரிசைக்குப் போனார். வேறு யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று பார்க்கவே இல்லை.

அக்கா மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தமுறை மெதுவாக.

"அம்மா என்னயக் கேட்டுச்சாடி?"

"கேக்காமயா?" என்றாள் தங்கை. "கடைசி வரைக்கும் உன் பேச்சுத்தான். 'சூரத்துக்காரி வைக்கிற கருவாட்டுக் கொழம்பு மாதிரி உங்க எவளுக்காச்சும் வைக்கத் தெரியுதா'ன்னு எங்களப் போட்டு வஞ்சு தீத்துருச்சுக்கா. உசுரு போறதுக்கு மொத நாளு கூட!"

அக்கா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். மேலே தாலாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதன் இரண்டாவது வரியைத் தானும் முணுமுணுத்தாள்.

இன்னாசிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பந்தி முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே பேச ஆரம்பித்தார்கள்.

"ஏம்ப்பா" என்று அக்கா அவரைக் கூப்பிட்டாள். "மேல பாடுறது யாரு? உள்ளூர்க்காரங்களா?"

இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர்கூட அவரிடம் இதைக் கேட்டதில்லை. சட்டைப் பையில் முப்பது கார்டு இருந்தது. சொல்ல வேண்டியதை எத்தனையோ ராத்திரி மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"நீங்க பேசிக்கிட்டு இருங்கம்மா" என்றார். "பாயசம் இன்னொரு கிண்ணம் வரச் சொல்றேன்."

*

அடுப்படிக்குப் போனபோது தவமணி இரண்டாம் பந்திக்குச் சோறு எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா பின்னாலேயே வந்துவிட்டாள்.

"மாஸ்டரம்மா, ஆவணியில என் மகனுக்குக் கல்யாணம். இங்கதான் வைக்கிறோம். சமையல் உங்களுது. பாட்டுக்கு யாரப் புடிக்கலாம்?"

இன்னாசிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தவமணி அவரைப் பார்க்கவில்லை. சோற்றைத்தான் பார்த்தாள்.

"பொன்னூஞ்சல்" என்றாள். "இப்ப மேல பாடுறவங்கதான். தலைவரு உங்க பின்னாடிதான் ஜக்கோட நிக்கிறாரு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றியவரைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்களா! ஐயோ, நான் வாப்பா போப்பான்னு... மன்னிச்சுக்கங்க. சூரத்துல மூத்தவன் கல்யாணத்துக்கு வந்த பாட்டுக்காரங்களுக்கு ஒரு லட்சம் குடுத்தோம். அந்தச் சத்தத்துல யாரு மொகத்தையும் பாத்து ரெண்டு வார்த்த பேச முடியல. உங்களுக்கும் அதே ஒரு லட்சம் தர்றோம். வருவீங்களா?"

பொன்னூஞ்சல் அதுவரைக்கும் வாங்கிய பெரிய சம்பளம் இருபத்தையாயிரம்.

மாடிப்படியில் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்பர், படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வர்றோம்மா" என்றார் இன்னாசிமுத்து. "ஆனா ஒரு கண்டிஷன்."

"அண்ணே!" என்று படியிலிருந்து அலறினான் அக்பர். "கண்டிஷனெல்லாம் போடாதீங்கண்ணே! கையெடுத்துக் கும்புடுறேன்!"

"என்ன கண்டிஷன்?" என்றாள் அக்கா.

"மொதப் பந்திக்கு நான் மேடையில இருக்க மாட்டேன். கீழ தண்ணி ஊத்துவேன்."

தவமணி அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கை நிறையச் சோற்றுக் கரண்டி, முகம் நிறையச் சிரிப்பு.

"அதெல்லாம் ஆவணியிலண்ணே" என்றாள். "இப்ப ரெண்டாம் பந்தி உக்காந்துருச்சு. ஓடுங்க."