சாமி கும்பிடாத மடிக்கணினி

வத்தலக்குண்டில் தேனமுது மெல்லிசைக் குழு என்று ஒன்று உண்டு. தலைவர் நாகசுந்தரம். பாடுவது செண்பகவல்லி. தவசி தபேலா. மற்ற வாத்தியமெல்லாம் ஒரு கிழட்டு மடிக்கணினிக்குள் இருந்தன. மூவரும் ரொம்ப நல்லவர்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றி ஊரில் யாரும் எதுவும் சொல்வதில்லை.

அன்று சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பில் கச்சேரி. காலையில் அந்த மடிக்கணினிப் பெட்டியைத் திறந்தால் பாட்டு வரவில்லை. "இயங்குதளத்தை மேம்படுத்தவும்" என்று திரையில் எழுத்துதான் வந்தது.

"மேம்படுத்தவும்னா என்னண்ணே?" என்றார் தவசி.

நாகசுந்தரம் கண்ணை மூடி யோசித்தார். "மேலே படுக்க வைக்கச் சொல்லுது. வயசான பெட்டி. எத்தனை நாளைக்குத்தான் கீழேயே கிடக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. "சரி" என்றிருந்த இடத்தில் அமுக்கிவிட்டு, பீரோ உச்சியில் தலையணை போட்டு அதைப் படுக்க வைத்தார்கள். உடனே திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"படுத்ததும் என்ன சொகுசு பாருங்க" என்றார் செண்பகவல்லி.

கொஞ்ச நேரத்தில் தலையணைச் சூட்டில் பெட்டி கிர்ரென்று இரைந்தது. தவசிக்குப் பொறுக்கவில்லை. கச்சேரிக்குக் கச்சேரி அதை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிப் போகிறவர் அவர்தான். ஸ்டூலில் ஏறிக் கையை விரித்தார். "கணினியை அணைக்காதீர்கள்" என்று வந்தது.

விரித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"அணைக்கக் கூடாதாம்ண்ணே." தவசி ஸ்டூலிலிருந்து இறங்கினார். "நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"மனசை விடாதே தவசி. அணைக்காம ஆறுதல் சொல்லு."

தவசி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மத்தியானம் வரை ஆறுதல் சொன்னார். செண்பகவல்லி விசிறிக்கொண்டே நின்றார். ஒருவழியாக வட்டம் நின்றது. "கடவுச்சொல்லை உள்ளிடவும்" என்றது பெட்டி.

"கடவுள் சொல்லா!" நாகசுந்தரம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஸ்டூலில் ஏறி, பயபக்தியோடு "முருகா" என்று தட்டினார்.

"தவறான கடவுச்சொல்."

செண்பகவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளையாரைப் போட்டார்கள். மாரியம்மனைப் போட்டார்கள். தவசி தன் குலதெய்வம் கருப்பசாமியையே கூப்பிட்டுப் பார்த்தார். எல்லாமே தவறு என்றது பெட்டி.

"புரிஞ்சு போச்சு" என்றார் நாகசுந்தரம் மெதுவாக. "இது நாத்திகப் பெட்டி."

"இத்தனை வருஷமா நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! இப்ப என்னண்ணே போடறது?" என்றார் தவசி.

"நாத்திகருக்கு என்ன போட முடியும்? ஒண்ணும் போடாதே."

ஒன்றும் போடாமல் அமுக்கினார்கள். அந்தப் பெட்டிக்கு யாரும் எந்தக் காலத்திலும் கடவுச்சொல் வைத்ததில்லை. பளிச்சென்று திறந்துகொண்டது. பாட்டெல்லாம் பத்திரமாக இருந்தன.

மண்டபத்தில் மேடை ஏறிய பிறகுதான் செண்பகவல்லிக்கு உறைத்தது. "அண்ணே, முதல் பாட்டு பிள்ளையார் பாட்டாச்சே. பெட்டி மனசு புண்படாதா?"

மூவரும் மேடைத் திரைக்குப் பின்னால் கூடிப் பேசினார்கள். பிள்ளையாரை விட முடியாது, பெட்டியையும் நோகடிக்கக் கூடாது. கடைசியில் மாப்பிள்ளை வீட்டாரிடம் பஞ்சு கேட்டு வாங்கி, பெட்டியில் சத்தம் வரும் ஓட்டைகளில் இறுக்கி அடைத்தார்கள். வயர் வழியாக ஒலிபெருக்கியில் பாட்டு அமர்க்களமாகக் கேட்டது. கூட்டம் கை தட்டியது.

பாட்டு முடிந்ததும் நாகசுந்தரம் குனிந்து, பஞ்சு வைத்த இடத்தில் வாயை வைத்து, "ஏதாச்சும் கேட்டுச்சா?" என்றார்.

பதில் இல்லை.

நிமிர்ந்து மற்ற இருவரையும் பார்த்துத் தலையசைத்தார். "ஒண்ணும் கேக்கலையாம். அடுத்த பாட்டை எடு."