சேவல் சாட்சி சொன்ன லாரி விளக்கு

கோணமேட்டு லாரிப் பட்டறையில் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்ததாகவும், அதையும் யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்றும் ஊரில் சொல்வார்கள். மூத்தவன் பச்சியப்பன் மட்டும் இதை நம்புவதில்லை. தன்னைவிட விவரமானவன் எட்டு ஊரில் கிடையாது என்பது அவன் எண்ணம். மாரப்பனும் சின்னக்கண்ணுவும் அவன் எண்ணத்தையே தங்கள் எண்ணமாக வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள்.

தேரன்று காலையில் நாச்சம்மாள், மூக்கு நீண்ட தன் பழைய லாரியைக் கொண்டுவரச் செய்து பட்டறை முன்னால் நிறுத்தினாள். மற்ற பட்டறையெல்லாம் தேருக்குச் சாத்தியிருந்தது. இவர்களுக்குத்தான் தேர் என்பதே ஞாபகமில்லை.

லாரியின் பின்னால் புதுத் தேர்வடம் மலைப்பாம்பாய்ச் சுருண்டு கிடந்தது. மகன் ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்ததற்கு நாச்சம்மாள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட வடம். பழையது போன வருஷமே அறுந்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்குத் தேர். இது போய்ச் சேராவிட்டால் தேர் நகராது.

"தேர் முடிஞ்ச கையோட வண்டி மலைக்கு லோடு ஏறுது, பச்சியப்பா. போன தடவை நடுக்காட்டுல நின்னு, டிரைவரு டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு ரிப்பேர் பார்த்தான். பானட்டுக்குள்ள விளக்கு மாட்டிக் குடு. திறந்தா எரியோணும், மூடுனா அணையோணும். வேலை செய்யறவன் நிழல் இன்ஜின் மேல விழுகக் கூடாது. மூணு மணிக்குள்ள கோயில் வாசலுக்குக் கொண்டாந்துருங்க. வடம் சாமிக்கு உள்ளது, நடுவுல எங்கயும் கீழ இறக்கீராதீங்க."

"கவலைய விடுங்கக்கா. இது நல்லா அமைஞ்சா, தேருக்கு விளக்குப் போடற வேலையும் நமக்கே வாங்கிக் குடுங்க" என்றான் பச்சியப்பன்.

நாச்சம்மாள் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே பஸ் ஏறினாள். அந்தக் கும்பிடு அவசியம்தான்.

ஒரு மணி நேரத்தில் விளக்கை மாட்டிவிட்டார்கள். திறந்தால் எரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். மாரப்பன் குனிந்து பார்த்தான். அவன் நிழல் இன்ஜின் மேல் விழுந்தது.

"ஏண்டா விழுகுது?"

"நான் வேணும்னு பண்ணலீங்கண்ணா."

எதிர்ப்பக்கம் இன்னொரு விளக்கு மாட்டினார்கள். இரண்டு நிழல் விழுந்தது. நாலு பக்கமும் பழைய ஹெட்லைட் பல்பை மாட்டினார்கள். நாலு மாரப்பன் விழுந்தான். ஒரு மாரப்பனையே வைத்துக் காலம் தள்ள முடியவில்லை. பச்சியப்பன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சின்னக்கண்ணு மெதுவாகக் கேட்டான். "அண்ணா, கண்ணை மூடிக்கிட்டு வேலை செஞ்சா நிழல் தெரியாதல்லோ?"

மூவரும் கண்ணை மூடிப் பார்த்தார்கள். ஒருவர் நிழலும் தெரியவில்லை. பச்சியப்பன் பெயின்டை எடுத்து பானட்டின் உள்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தான்: 'கண்ணை மூடி வேலை செய்யவும்.'

"இனி மூடுனா அணையுதான்னு பார்க்கோணும்" என்றான்.

"மூடுனா எப்படிங்கண்ணா பார்க்கறது?"

"உள்ள ஒரு சாட்சி வேணும்."

சாட்சிக்கு மாரப்பன் வீட்டுச் சேவல் வந்தது. வெளிச்சத்தைக் கண்டால் சேவல் கூவும், இருட்டானால் பேசாமல் கிடக்கும், பொய் சொல்ல அதற்குத் தெரியாது. கூடையோடு உள்ளே வைத்து மூடினார்கள். அடைபட்ட கோபத்தில் சேவல் கூவிற்று.

"எரியுதுங்கண்ணா!"

திறந்தார்கள். நாலு விளக்கும் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது.

"பார்த்தயா, சேவல் சொன்னது நெசந்தான்."

ஒயரைப் பிடுங்கிச் சொருகி மறுபடி மூடினார்கள். கூவிற்று. திறந்தார்கள். எரிந்தது. இப்படியே மதியம்வரை. பிறகு பானட்டைத் திறந்தபடி விட்டுச் சாப்பிட உட்கார்ந்து, சேவலின் நாணயத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் விளக்கெல்லாம் அணைந்திருந்தது. சேவலும் தூங்கிவிட்டது.

"ஒருவழியா சரியாயிருச்சு" என்று பச்சியப்பன் வேர்வையைத் துடைத்தான். "சாட்சி உள்ளயே இருக்கட்டும். வழியில எரிஞ்சா சொல்லும்."

மணி இரண்டே முக்கால். சின்னக்கண்ணு சாவியைத் திருகினான். லாரி முனகக்கூட இல்லை.

"வண்டிக்கு என்னமோ மனசு சரியில்ல. கட்டி இழுத்தாப் போதும்" என்றான் பச்சியப்பன்.

"கவுறு?"

"பின்னால அவ்வளவு கெடக்குதே."

"கீழ இறக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லீருக்குதுங்களே."

பச்சியப்பன் யோசித்தான். அவன் யோசித்தால் ஆபத்து. வடத்தின் ஒரு நுனியை மண்ணில் படாமல் தூக்கிவந்து முன் பம்பரில் கட்டினார்கள். மறு நுனியைப் பிடித்துக்கொண்டு மூவரும் லாரியின் மேலேயே நின்று இழுத்தார்கள். வடம் நல்ல வடம். மூவரின் கையும் தோலுரிந்தது. லாரி இருந்த இடத்தில் இருந்தது.

மூன்றரை மணிக்கு நாச்சம்மாள் நாற்பது பேரோடு வந்து சேர்ந்தாள். லாரியில் நின்றுகொண்டு லாரியை இழுக்கிற மூன்று பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாதி தூரம் வந்திருப்போமுங்களாக்கா?" என்றான் மாரப்பன்.

கூட வந்த டிரைவர், "பேட்டரி செத்துருச்சு. நாங்க இழுக்கறோம், நகர்றப்போ கியரைப் போட்டா ஸ்டார்ட் ஆயிரும்" என்றான். நாற்பது பேர் வடத்தின் மறு நுனியை இறக்கித் தோளில் வாங்கினார்கள்.

"ஐயையோ, வடம் இறங்குதுங்கக்கா!"

"அது இறங்கட்டும் சாமி. நீங்க மூணு பேரும் இறங்காம இருந்தாலே போதும்."

இழுத்தார்கள். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்த சின்னக்கண்ணு கியரைப் போட்டதும் இன்ஜின் உறுமிற்று. நாச்சம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் குலுக்கலில் சேவல் முழித்துக்கொண்டு கூவிற்று.

"விளக்கு எரியுது! நிறுத்துடா!" என்றான் பச்சியப்பன். சின்னக்கண்ணு சொன்ன பேச்சுக் கேட்பவன். இன்ஜினை அணைத்தான். சேவலும் அடங்கிற்று.

"பயப்படாதீங்கக்கா, அணைச்சுட்டம்."

மறுபடி இழுத்தார்கள். மறுபடி கூவிற்று. மறுபடி அணைத்தான். நாலாம் தடவைக்குப் பிறகு, இவர்களோடு வாதாடுவதைவிட இழுப்பது சுலபம் என்று நாற்பது பேரும் கோயில்வரை மூன்று கிலோமீட்டரும் இழுத்தே வந்தார்கள். தேர் இழுக்க வந்த வடம் முதலில் லாரியை இழுத்து, ஐந்தரை மணிக்குக் கோயில் வாசலில் நின்றது. ஆறு மணிக்குத் தேர் நிலை பெயர்ந்தது. நாச்சம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டிற்று.

அந்த நேரம் பார்த்துப் பச்சியப்பன் அவளை லாரிக்கு முன்னால் கூப்பிட்டான். பானட்டைத் திறந்தான். உள்ளே கும்மிருட்டு. அவன் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு இன்ஜின் மேல் குனிந்தான்.

"பாருங்கக்கா, ஒரு பொட்டு நிழல் விழுகுதா? தேருக்கும் இதே மாதிரி போட்டுறலாமுங்களா?"