ஒரே பெயர், இரண்டு வேகம்

பொருள்களுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், கணினிகளுக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டுகள் யாவும் ஆதிரை என்னும் அச்சுக்காரியின் பட்டறையில் பிறந்தன. ஒரே அச்சில் பிறந்தவர்களுக்கு ஒரே பெயரைப் பொறிப்பது அவள் வழக்கம். தாத்தாவின் பெயரையே பேரன்மார் எல்லாருக்கும் வைத்துவிட்டு, பெரியவன் சின்னவன் என்று பிரித்துக் கூப்பிடும் வீடுகளைப் போலத்தான் அதுவும். ஆனால் அவள் பட்டறைக்கு ஒரு விதி இருந்தது. பெயர் ஒன்றானால் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேகம் குறைந்தவளின் உடலில் பொறித்த பெயர் எழுத்தெழுத்தாக மங்கும். முழுவதும் மங்கிவிட்டால் அவள் வெறும் தகடு. பெயரில்லாத தகட்டை எந்தக் கணினியும் தன் வீட்டுக்குள் சேர்க்காது.

அப்படிப் பிறந்த இரட்டையர்தாம் பெரிய எழிலியும் சின்ன எழிலியும்.

பெரிய எழிலி ஒரு கடற்கரை ஊரின் கலங்கரை விளக்கத்தில் இருந்த மேசைக் கணினியில் குடியேறினாள். விசாலமான வீடு, முன்னும் பின்னும் விசிறிகள், பசித்தபோதெல்லாம் சுவரிலிருந்து மின்சாரம். சின்ன எழிலி மடிக்கணினியில் குடியேறினாள். நிமிர்ந்தால் தலை இடிக்கும் வீடு. சுவரின் துணை இல்லாத நேரங்களில், பொதியன் என்ற பாட்டரி சுமந்து வருவதே அவளுக்குச் சாப்பாடு.

இரண்டு கணினிகளும் அகஸ்தம்மாளுடையவை. கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றின் போக்கைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. சில நாள்களில் அவள் இருவருக்கும் ஒரே படத்தைக் கொடுத்து, யார் எப்போது முடிக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பாள். இருவரும் ஒன்றாகவே முடிப்பார்கள். அக்காள் நிதானமாக முடிப்பாள்; தங்கை உடம்பெல்லாம் கொதிக்கக் கொதிக்க முடிப்பாள்.

"என்னடி, இப்படி இரைக்குது உனக்கு?" என்பாள் பெரிய எழிலி.

"யாருக்கு? எனக்கா? விசிறிதான் சும்மா சத்தம் போடுது."

"பார்த்துக்கோ. பேரைக் கெடுத்துடாதே. அது என் பேரும்தான்."

அக்காளின் காதுக்கு எட்டாதபடி பொதியன் முனகுவான். "தாயே, உன் அக்காள் வீட்டுச் சோத்தை என் தலையில கொண்டுவரச் சொல்றியே, இது நியாயமா? ஒருநாள் நான் வீங்கி வெடிக்கப்போறேன், அப்பத் தெரியும்."

"வாயை மூடிட்டுக் கொண்டா," என்பாள் சின்ன எழிலி.

ஒரு பிற்பகலில் கடல் கறுத்தது. புயல் தென்கிழக்கில் எழுந்துவிட்டது. அது எந்தப் பக்கம் திரும்பும் என்பது தெரியவில்லை. அகஸ்தம்மாளின் தம்பி சூசை தன் ஆள்களோடு நடுக்கடலில் இருந்தான். வயர்லெஸ்ஸில் அவன் குரல் காற்றோடு காற்றாக வந்தது.

"அக்கா, படகை எங்கே திருப்பட்டும்? வடக்கே முகத்துவாரத்துக்கா, தெற்கே துறைமுகத்துக்கா?"

"பொறு மக்கா. புயலோட வழியை வரையச் சொல்லியிருக்கேன்."

"வெளிச்சம் இருக்கும்போதே சொல்லிரு. இருட்டிட்டா எனக்குக் கரை தெரியாது."

பெரிய எழிலி வரைந்துகொண்டிருந்தாள். கடலின் ஒவ்வொரு மடிப்பும் காற்றின் ஒவ்வொரு சுழலும் திரையில் விரிந்தன. புயலின் வழி பாதி தெரிந்த வேளையில் ஊரின் மின்கம்பங்கள் சாய்ந்தன. விளக்குகள் அணைந்தன. தொடங்கிய சொல்லை முடிக்காமலே பெரிய எழிலி கல்லாகிப்போனாள்.

கீழறைக்குள் தண்ணீர் புகுந்தது. அகஸ்தம்மாள் மடிக்கணினியையும் வயர்லெஸ்ஸையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள். மேலே மேசை இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கணினியை மடியில் வைத்துத் திறந்தாள்.

"தாயி, இனி நீதான்," என்றாள்.

சின்ன எழிலி முழு வேகத்தில் பாய்ந்தாள். அக்காள் வரைந்தது திரையோடு போய்விட்டதால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. விசிறி அலறியது. அகஸ்தம்மாளின் தொடை சுட்டது; அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், ஆனால் கணினியை இறக்கவில்லை. தரையெல்லாம் மழைச் சாரலின் ஈரம்.

"எழிலி, நில்லு!" பொதியனின் குரலில் கேலி இல்லை. அவன் விலா ஒரு பக்கம் புடைத்திருந்தது. "இந்த வேகத்துல போனா, படம் பாதியிலேயே நான் தீர்ந்துடுவேன். நீயும் உன் அக்காளைப் போலக் கல்லாயிடுவே."

"வேற என்ன செய்யச் சொல்றே?"

"பாதிச் சாப்பாடு போதும்னு சொல்லு. பாதிச் சாப்பாட்டுல பாதிக்கு மேலேயே வரைய முடியும் உன்னால. நான் பார்த்திருக்கேன். மிச்சமெல்லாம் வெறும் சூடாத்தான் போகுது."

"வேகம் குறையுமே!"

"குறையும்."

"என் பேரு போயிடுமே, பொதியா!"

வயர்லெஸ் இரைந்தது. "அக்கா! வானம் கறுக்குது! சொல்லு!"

தன் மேல் விழுந்த துளி மழையா, அகஸ்தம்மாளின் கண்ணீரா என்று சின்ன எழிலிக்குத் தெரியவில்லை. தான் யாருடைய மடியில் இருக்கிறோம் என்பதை அவள் அப்போதுதான் முதன்முதலாக எண்ணிப் பார்த்தாள். கை நீட்டி, தன் சாப்பாட்டுத் தட்டைத் தானே பாதியாக உடைத்தாள்.

விசிறியின் அலறல் தணிந்தது. தொடையின் சூடு இறங்கியது. படம் மெதுவாக, மிக மெதுவாக வளர்ந்தது. அவள் உடலில் பெயரின் முதல் எழுத்து மங்கியது. புயலின் கோடு நேராக வந்தது. இரண்டாம் எழுத்தும் மங்கியது. கோடு இன்னும் நேராகவே வந்தது. மேற்கு வானில் ஒரு சிவந்த கீற்று மட்டும் மிஞ்சியிருந்தது. வேகத்தை மறுபடி முழுதாகக் கூட்டினால் பெயராவது பிழைக்கும் என்று ஒரு கணம் மனம் அலைந்தது. அவள் கூட்டவில்லை. கடைசி எழுத்து உதிர்ந்த நேரத்தில் கோடு வளைந்தது. முகத்துவாரத்தை நோக்கி வடக்கே வளைந்தது.

"சூசை! தெற்கே திருப்பு! வடக்கே போயிடாதே, புயல் அங்கேதான் வருது!"

"சரிக்கா!" என்ற குரல் வந்தது. அந்தச் சொல்லோடு பொதியன் ஓய்ந்தான், திரை இருண்டது.

படகு துறைமுகம் சேர்ந்தது. தண்ணீர் வடிந்து மின்சாரம் திரும்பிய பின் ஆதிரை வந்தாள். பெயர் அழிந்த தகட்டை எடுத்துப் போவது அவள் கடமை. சின்ன எழிலி தலை குனிந்து நின்றாள்.

"அம்மா," என்றாள் பெரிய எழிலி, "என் பேரையும் அழிச்சுடுங்க."

"உன் வேகம் குறையவில்லையே?"

"சுவரில மின்சாரம் நின்னதும் நான் கல்லா நின்னேன். அந்த நேரத்துல என் வேகம் என்ன? ஒண்ணுமில்லை. அவ பாதி வேகத்துலயாவது ஓடினா. அவ பேரு போகணும்னா, முதல்ல போக வேண்டியது என் பேரு."

ஆதிரை உளியை எடுத்தாள். சின்ன எழிலியின் உடலில் அதே பெயரை, அதே எழுத்துகளில், மறுபடியும் பொறித்தாள்.

"விதியை மாற்றிவிட்டேன்," என்றாள். "பெயர், பிறந்த அச்சைச் சொல்லும்; வேகத்தை, குடியிருக்கும் வீடும் உண்ணும் அளவும் சொல்லும். பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். ஏமாறட்டும். எவ்வளவு உண்கிறாய் என்று கேட்கக் கற்றுக்கொள்வார்கள்."

"தட்டு?" என்று மெல்லக் கேட்டாள் சின்ன எழிலி.

"அது நீ உடைத்தது. அப்படியே இருக்கட்டும். சுவரின் துணை இருக்கும்போது கொஞ்சம் கூடுதலாக உண்டுகொள்."

அன்றிலிருந்துதான், ஒரே பெயரைத் தாங்கியிருந்தும் மடிக்கணினியின் கார்டு மேசைக் கணினியின் கார்டுக்குப் பின்னால் வருகிறது. சார்ஜரைக் கழற்றினால் இன்னும் தளர்கிறது. சூடு ஏறினால், யாரும் சொல்லாமலே தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதைப் பலவீனம் என்பவர்கள் உண்டு. தான் ஒருவருடைய மடியில் இருப்பதை அது இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.