குவாகுவா என்றால்

இந்தக் கதையில் குருவுக்கு நாற்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. தாடியும் கமண்டலமும் எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குருவின் பெயர் சிஸ்டர் அமலோற்பவம். பொலிவியாவின் மலையூர்களில் பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பிய கன்னியாஸ்திரீ. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு நோயாளிகள் வருவார்கள். அவர்களில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் நின்று பேசுவது அவர் வேலை.

சீடர் தாணுலிங்கம் நாகர்கோவில்காரர். ஸ்பெயினைச் சேர்ந்த கானரித் தீவுகளில், லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில், ஒரு சிந்தி வியாபாரியின் கடையில் கேமராவும் கைக்கடிகாரமும் விற்று இருபது வருடம் ஓட்டியவர். ஊர் திரும்பியதும் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்பானிஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று சொல்லிக்கொண்டு சிஸ்டரிடம் வந்து சேர்ந்தார். அப்படி அவர் சொன்னது உண்மைதான். பேச ஆரம்பித்தால் ஸ்பெயின்காரரே வாய் பார்ப்பார்.

சேர்ந்த கொஞ்ச நாளில் சிஸ்டர் வருடாந்திரத் தியானத்துக்குப் போனார். அந்த வாரம் பார்த்து ஈக்வடாரிலிருந்து எல்விரா வந்தாள்.

சின்னப் பெண். மலையில் உருளைக்கிழங்கு போடும் குடும்பம். ஒரு தொண்டு நிறுவனம் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தது. முதுகில் சால்வையால் கட்டியிருந்த குழந்தைக்குப் பெயர் மத்தேயோ. ஏழு மாதம். இதயத்தில் ஓட்டை.

டாக்டர் ஃபரீதா நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கே வந்து பார்த்தார்.

"குழந்தைக்கு என்ன பண்ணுதுன்னு அவங்களையே சொல்லச் சொல்லுங்க சார்."

எல்விரா பேச ஆரம்பித்தாள். ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து அவள் பேச்சு புரிகிற ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை. எல்லாம் மொத்தமாக வந்தது.

"என் குவாகுவா பால் குடிக்க மாட்டேங்குது. என் குவாகுவா அழுதா..."

தாணுலிங்கம் கையை உயர்த்தினார். சிரித்த முகமாகத்தான்.

"அம்மா, குவாகுவான்னா பஸ். குழந்தைக்கு 'பெபே'ன்னு சொல்லணும்."

லாஸ் பால்மாஸில் இத்தனை வருடமும் அவர் குவாகுவாவில்தான் கடைக்குப் போனார், குவாகுவாவில்தான் வீட்டுக்கு வந்தார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

பக்கத்து பெஞ்சில் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் ஊரிலும் குவாகுவா பஸ்தான்.

"அடேயப்பா, பஸ்ஸை முதுகில் கட்டிக்கொண்டல்லவா வந்திருக்கிறாள்" என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். தாணுலிங்கமும் சிரித்தார்.

எல்விரா சால்வையின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

"அழுதா? அழுதா என்ன ஆகும்?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

"ஆமாம்" என்றாள் எல்விரா.

ஊசி போட வந்த நர்ஸ் ஜெபசீலிக்குத் தமிழைத் தவிர ஒரு மொழியும் தெரியாது. "என்ன சார், குவா குவான்னா குழந்தைன்னு எனக்கே புரியுதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். தாணுலிங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்பானிஷ் தெரிந்ததுதான் அன்றைக்கு அவருக்கு இடைஞ்சல்.

சிஸ்டர் திரும்பி வந்த அன்று டாக்டர் ஃபரீதா அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், அந்தப் பொண்ணு எல்லாத்துக்கும் ஆமாங்கறா. குழந்தை அழும்போது மயங்குதான்னா ஆமாம். மயங்கினதே இல்லையான்னா ஆமாம். நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"ஸ்கேன்ல தெரியலையா டாக்டர்?"

"ஓட்டை தெரியுது. இங்க வந்ததுலேர்ந்து அவ குழந்தையை அழவே விடறதில்ல, தோள்லயே வெச்சிருக்கா. வீட்ல அது அழும்போது நீலம் பாரிச்சுத் துவண்டு போகுதான்னு பார்த்தது அவ ஒருத்திதான். அப்படி வருதுன்னா ஆபரேஷனை ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. வரலைன்னா எடை ஏறட்டும்னு ரெண்டு மாசம் விடறதுதான் நல்லது. தப்பா முடிவு பண்ணினா பிள்ளை தங்காது."

சிஸ்டர் நேரே எல்விராவிடம் போனார். பொலிவியா மலைப்பேச்சில் பேசிப் பார்த்தார். எல்விரா மரியாதையாக எழுந்து நின்று, ஆமாம் சிஸ்டர் என்றாள்.

சிஸ்டர் தன் அறைக்கு வந்து தாணுலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"என்ன நடந்துச்சு சார்?"

தாணுலிங்கம் நடந்ததை அப்படியே சொன்னார். மறைப்பதற்கு அதில் ஏதாவது இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"நான் அந்தப் பிள்ளைய வையல்ல சிஸ்டர். சரியான சொல்லைச் சொல்லிக் குடுத்தேன். அவ்வளவுதான். நீங்களே சொல்லுங்க, பொலிவியாவுல குவாகுவான்னா என்ன?"

"கைக்குழந்தை."

"எங்க தீவுல?"

"பஸ்."

"மாட்ரிட்ல?"

"ரெண்டும் இல்ல. ரெண்டு பேரையும் வேடிக்கை பார்ப்பாங்க."

"அப்ப எதுதான் சரி? ஏதாவது ஒண்ணு சரியா இருக்கணும்லா?"

சிஸ்டர் ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளரில் டீ ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"உங்க அப்பா உங்களை என்னன்னு கூப்பிடுவாரு சார்?"

தாணுலிங்கம் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. அவர் முகம் இளகியது.

"மக்களேன்னு. எங்க பக்கம் பிள்ளையள அப்படித்தான் விளிப்பாங்க. நான் தீவுக்குப் போறப்போ வடசேரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாரு. 'போயிட்டு வா மக்களே'ன்னாரு. பெறவு நான் அவரப் பாக்கல்ல."

"தப்பு" என்றார் சிஸ்டர்.

"என்ன தப்பு?"

"மக்கள்னா ஜனங்க. நீங்க ஒருத்தர்தானே? மகனேன்னு கூப்பிட்டிருக்கணும். உங்க அப்பாவுக்குத் தமிழ் சரியா வராது போல."

தாணுலிங்கத்தின் காது மடல் சிவந்துவிட்டது. கோபம் வருகிறதா அழுகை வருகிறதா என்று அவருக்கே தெரியவில்லை. செத்துப்போன மனிதரைப் போய் இப்படிச் சொல்லலாமா என்று மட்டும் உள்ளே ஓடியது.

"சர்க்கரை போதுமா சார்?"

"சரி."

"மத்தியானத்துக்கு சாம்பார் சாதம் சொல்லிடவா?"

"சரி."

"வேண்டாம், தயிர் சாதமே சொல்லிடறேன்."

"சரி" என்று சொன்ன பிறகுதான், எதைக் கேட்டாலும் தானும் ஆமாம் போட்டுக்கொண்டிருப்பது தெரிந்து, தாணுலிங்கம் தலையை நிமிர்த்தினார்.

சிஸ்டர் திரும்பி நின்று ஃபிளாஸ்க் மூடியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவ வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. தாணுலிங்கத்தின் அப்பாவை அப்படிச் சொன்னது அவருக்கும் வலித்தது. அதை முகத்தில் காட்ட அவர் விரும்பவில்லை.

தாணுலிங்கம் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். டீயை அவர் குடிக்கவில்லை.

எல்விரா ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவளிடம் மன்னிப்பு கேட்க ஒரு வாக்கியத்தைப் படியிறங்கும்போதே அவர் தயார் செய்திருந்தார். இலக்கண சுத்தமான, அழகான வாக்கியம். அவள் எழுந்து நின்றதைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார்.

"உட்காரும்மா" என்றார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நேர் மேலே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மலைக்காரிதான். ஆனால் சால்வை முழுவதையும் குழந்தையின் மேல் சுற்றிவிட்டு வெறும் சட்டையோடு இருந்தாள்.

"அச்சச்சாய்" என்றாள், தன்னையறியாமல்.

சொன்ன மாத்திரத்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவரைப் பயத்தோடு பார்த்தாள். இன்னொரு தப்புச் சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டதே என்ற பயம்.

அந்தப் பார்வை தாணுலிங்கத்தை என்னவோ செய்தது. தன் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பெண், பிள்ளையைக் காப்பாற்ற உலகத்தின் மறு கோடிக்கு வந்திருக்கிறவள், வாயைத் திறக்கத் தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அந்தச் சொல் எனக்குத் தெரியாதும்மா. அப்படின்னா என்ன?"

"ஆமாம்" என்றாள் எல்விரா.

"நிசமாவே தெரியாது. உங்க ஊர்ப் பேச்சு நான் கேட்டதே இல்ல. சொல்லிக் குடு."

கேலி செய்கிறாரோ என்று அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, பாதி மனதோடு, தோளைக் குறுக்கி உடம்பை நடுக்கிக் காட்டினாள்.

"குளிரா?"

தலையசைத்தாள்.

தாணுலிங்கம் எழுந்து ஏ.சி.க்கு நேர் கீழே போய் நின்றார். தோளைக் குறுக்கிக்கொண்டு, "அச்சச்சாய்" என்றார்.

"அப்படி இல்லை" என்றாள் எல்விரா. "கடைசியில் இழுக்க வேண்டும்."

இழுத்தார்.

"இன்னும்."

இன்னும் இழுத்தார். ஸ்கேன் எடுக்க வந்திருந்த நான்கு பேர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எல்விரா பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

அவர் ஓடிப்போய் ஜெபசீலியிடம் ஒரு கம்பளி வாங்கி வந்தார். ஒரு டம்ளர் சூடான பாலும் கொண்டுவந்தார். அவள் அவசரமாக ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

"அர்ரர்ராய்."

இந்தத் தடவை அவள் வாயைப் பொத்தவில்லை. கேட்பாரா என்று அவரைப் பார்த்தாள்.

"சூடு?"

"சூடு" என்று சொல்லிச் சிரித்தாள்.

தாணுலிங்கம் சால்வைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உன் குவாகுவா அழுதா என்ன ஆகும்மா?"

அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆள் அனுப்பி டாக்டர் ஃபரீதாவை வரவழைத்தார். எல்விரா சொல்லச் சொல்ல அவர் டாக்டரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். காலையில் எழுந்து அழும்போதுதான் வரும். உதடு கத்திரிக்காய் நிறமாகிவிடும். கையும் காலும் துவண்டுவிடும். முன்பெல்லாம் எப்போதாவது வந்தது, இப்போது அடிக்கடி வருகிறது. புரியாத சொல் வந்த இடத்தில் எல்லாம் அவர் நிறுத்தி, அவளையே கேட்டார். அவள் கையால், முகத்தால், சில சமயம் குழந்தையின் காலைப் பிடித்துக் காட்டிப் புரியவைத்தாள்.

"அப்படி வந்தா அவங்க என்ன செய்வாங்க?" என்றார் டாக்டர்.

எல்விரா குழந்தையின் முழங்காலை மடக்கி, அதன் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு காட்டினாள்.

டாக்டர் ஃபரீதா குனிந்து அவள் பிடித்த விதத்தைப் பார்த்தார்.

"அதைத்தான் நாங்களும் செய்யச் சொல்லுவோம். யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

தாணுலிங்கம் கேட்டுச் சொன்னார்.

"யாரும் இல்லையாம். ஒரு நா பயந்துபோய் இறுக்கிப் பிடிச்சாளாம். பிள்ளைக்கு மூச்சு வந்துட்டாம். அதுலேர்ந்து அப்படித்தான் பிடிப்பாளாம்."

"வியாழக்கிழமை பண்ணிடலாம்" என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை காலையில் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். எல்விரா ஆபரேஷன் தியேட்டர் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றாள். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றாள். சிஸ்டரும் தாணுலிங்கமும் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டொமினிக்கன் பெரியவர் அவளுக்குக் காபி வாங்கிக்கொண்டு வந்தார். "குவாகுவாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்களா மகளே?" என்று கேட்டார். அவர் முகத்தில் கேலி இல்லை.

நேரம் போகவில்லை. தாணுலிங்கம் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"ஸ்பானிஷ் பேசற நாடே இருபது இருக்கு. அதுக்குள்ள மலைக்கு ஒரு பேச்சு, கடற்கரைக்கு ஒரு பேச்சு. இத்தனை ஊர்ச் சொல்லையும் ஒரு ஆளு எப்படிப் படிக்கது? எனக்கு இனி எத்தனை வருசம் இருக்கு?"

சிஸ்டர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே தியேட்டர் கதவைப் பார்த்தார்.

மத்தியானம் தாண்டி டாக்டர் ஃபரீதா தலையில் பச்சைத் தொப்பியோடு வெளியே வந்தார். முகம் களைத்திருந்தது. ஆனால் சிரித்தது.

"நல்லா இருக்கான். உதட்டைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்க. ரோஜாப் பூ கலர்ல இருக்கு."

தாணுலிங்கம் எழுந்தார். "உன் குவாகுவா நல்லாயிருக்கு" என்பதுவரை ஸ்பானிஷில் சொல்லிவிட்டார். மிச்சத்தைச் சிஸ்டர்தான் சொன்னார். எல்விரா அழுதாள். டாக்டர் அவள் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

தாணுலிங்கம் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெஞ்சின் நடுவில், பையும் தண்ணீர் பாட்டிலும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, இடத்தை அடைத்து உட்கார்ந்திருந்தார்.

"நான் கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லல்லையே சிஸ்டர்."

"என்ன கேட்டீங்க?"

"இத்தனை ஊர்ச் சொல்லையும் எப்படிப் படிக்கதுன்னு."

கதவு திறந்தது. எல்விரா வந்துகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். இரண்டு கையையும் ஆட்டி, தூரத்திலிருந்தே என்னவோ சொல்லிக்கொண்டு வந்தாள். அதில் பாதி தாணுலிங்கத்துக்குப் புரியவில்லை.

"பையை எடுத்துட்டுத் தள்ளி உட்காருங்க சார்" என்றார் சிஸ்டர். "அவ உட்காரட்டும். நிறையப் பேசப் போறா."