மைக்ல வராத பேரு

ஒரு ஊர்ல ஒரு தண்ணித்தொட்டி இருந்துச்சாம். அதைத் தொறந்து மூட குருவம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். விடிஞ்சா ஒரு தரம், பொழுது சாஞ்சா ஒரு தரம், பெரிய இரும்புச் சாவியைப் போட்டு வால்வை கிர்ர்ர்ர்னு திருகுவா. ஊர்க் குழாயெல்லாம் சளசளன்னு ஊத்தும். "ம்" கொட்டுடி.

"ம்."

ஆனா அவ பேரு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? தண்ணி வந்தாக் குடத்தைத் தூக்கணும், வரலைன்னா அவளைத் திட்டணும், பேர் கேக்க நேரம் ஏது பாவம்! "ஏ தண்ணி!"ம்பாங்க. திரும்பிப் பாப்பா, உள்ளுக்குள்ள வலிக்கும். ஒரே ஒரு தடவை நாலு பேர் காதுல விழற மாதிரி என் பேரைச் சொல்ல மாட்டாங்களான்னு அவளுக்கு ஏக்கம்.

அப்புறம் ஊர்த் தலைவர் சீமைச்சாமி ஒரு விழா வெச்சார். வெளியில தெரியாம உழைக்கிறவங்களுக்குப் பாராட்டாம். பேனர்ல தலைவர் படம் ஆள் உசரத்துக்கு. உழைச்சவங்க படம்? அதான் வெளியில தெரியாதவங்கன்னு சொல்லியாச்சே!

"நீதாம்மா விழா நாயகி. பேர் சொல்லிக் கூப்பிடுற வரைக்கும் நாற்காலியை விட்டு எந்திரிக்கப்படாது"ன்னார் தலைவர். குருவம்மா பட்டுச்சேலை கட்டி, சாவியை மடியில வெச்சு, முன்வரிசையில உக்காந்தா.

முதல் பொன்னாடை, தொட்டிக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்ன கவுன்சிலருக்கு. சொல்றதுன்னா லேசா? வாய் வலிக்காது? பட்பட்பட்னு கைதட்டல். அடுத்தது, பந்தல் போடக் காசு குடுத்தவருக்கு. மிச்சம் இருந்தது குருவம்மாவுக்கு. அப்போ பாத்து டுர்ர்ர்னு வண்டியில வந்து இறங்குனான் தலைவரோட மச்சான். மச்சானை வெறுந்தோளோட அனுப்புனா வீட்டுல சோறு கிடைக்குமா? அவனுக்குப் போத்தியாச்சு. குருவம்மாவுக்கு முகம் செத்துப்போச்சு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்போ பொழுது சாஞ்சிருச்சு. குழாயைத் தொறந்தா புஸ்ஸ்ஸுன்னு காத்துதான். தலையில சீயக்காயோட ஒருத்தர், கையில சாணியோட ஒருத்தர், திமுதிமுன்னு பந்தலுக்கு ஓடி வந்தாங்க.

"ஏ தண்ணி! தொறந்து விடு!" அவ அசையல.

"ஏ தண்ணிக்காரி! எந்திரி!" அசையல.

"யம்மா, உன்னைத்தான்!"னு தலைவர் மைக்ல கத்துனார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் எந்திரிக்கணும்னு நீங்கதானேய்யா சொன்னீங்க?"ன்னா குருவம்மா.

தலைவர் கவுன்சிலரைப் பாத்தார். கவுன்சிலர் மச்சானைப் பாத்தார். மச்சான் பொன்னாடையை நீவி விட்டுக்கிட்டான். வேற வழி? தலைவர் மேடையை விட்டு இறங்கி வந்து, "உன் பேரு என்னம்மா?"ன்னு மெதுவாக் கேட்டார்.

அப்புறம் ஊரெல்லாம் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்ல கணீர்னு கேட்டுச்சு: "குருவம்மா அவர்களே! தயவுசெஞ்சு தண்ணி தொறந்து விடுங்க!"

அவளுக்கு அழுகையே வந்துருச்சு. எழுந்து போய் கிர்ர்ர்ர்னு திருகுனா. தண்ணி சளசளன்னு வந்துச்சு. ஒருத்தரும் கைதட்டல. கையிலதான் குடம் இருந்துச்சே, எப்படித் தட்டுவாங்க?

சரி கண்ணு, அவ பேரு என்ன, சொல்லு பாப்போம்?

"...தண்ணிக்காரி."

சரியாப் போச்சு போ! நீயும் அந்த ஊர்தானா? குருவம்மாடி, குருவம்மா. சொல்லிட்டுத் தூங்கு.

"குரு...வம்மா."

ம். தண்ணி நின்னுச்சு, கதையும் நின்னுச்சு. கண்ணை மூடு.